பாலன் வளர்ந்த வீடு

சவுரியப்பன்: முடியாதுன்னா முடியாது. பாலன் ஏசு இந்த வாசப்படிய தாண்ட மாட்டாரு.

விமல்ராஜ்: மாமா, மணி மூணு. ஆறு மணிக்குப் பவனி. குடில்ல மாதா, சூசையப்பர்னு எல்லாச் சுரூபமும் வந்தாச்சு. பாலன் படுக்கற தீவனத் தொட்டி மட்டும் காலியா கெடக்குது.

சவுரியப்பன்: நாலு வாரமா காலியாத்தான கெடக்குது? திருவருகைக்காலம்னா காத்திருக்கறதுதான? இன்னும் கொஞ்சம் காத்திருங்க.

விமல்ராஜ்: இன்னிக்கு டிசம்பர் இருவத்தி நாலு மாமா. இதுக்கு மேல எங்க காத்திருக்கறது?

பிலோமினா: வாடா விமலு. அக்கா வீட்டுக்கு வந்தா உள்ள வரமாட்டியா? வாசல்லயே நின்னு என்ன பேச்சு?

சவுரியப்பன்: உன் தம்பி தம்பியா வரல. கோயில் பங்குப்பேரவைச் செயலாளரா வந்துருக்கான். காப்பி மட்டும் குடு.

விமல்ராஜ்: காப்பி பத்தாதுக்கா, பசிக்குது. களி இருக்குதா?

சவுரியப்பன்: களி கிடையாது!

விமல்ராஜ்: எதுக்கு மாமா கத்தறீங்க? களிதான கேட்டேன்.

பிலோமினா: ஒரு மாசமா இந்த வீட்டுல களி கிடையாதுடா. திருவருகைக்காலத்துல ராகி ஆவாதாம்.

விமல்ராஜ்: கறி ஆவாதும்பாங்க. ராகி ஆவாதுன்னு எந்தப் போப்பு சொன்னாரு?

சவுரியப்பன்: இது என் சொந்த நோன்பு. ராகி டின்ன யாரும் தொறக்கக்கூடாது. பேச்சு முடிஞ்சுது.

விமல்ராஜ்: சரி, ராகிய விடுங்க. பாலன் விசயத்துக்கு வாங்க. நாப்பத்திரண்டு வருசமா இந்த வீட்டுலருந்துதான் பாலன் போறாரு. ஒரு வருசம் போகலன்னா என்ன ஆவும்? பேரவை விதி உங்களுக்குத் தெரியும், நீங்க தலைவரா இருந்தப்ப எழுதுனதுதான். சீட்டுக் குலுக்கி அந்த உரிமைய வேற வீட்டுக்குக் குடுத்துருவாங்க. செபஸ்தியான் வீட்டுல இப்பவே பட்டுத்துணி வாங்கி மடிச்சு வச்சுட்டாங்க.

சவுரியப்பன்: வச்சுக்கட்டும். குடுக்க முடியாம போனா அது கேவலம். அவமானப்படுத்துனதால குடுக்கலன்னா அது மானம். ரெண்டும் வேற. ஊருக்கு அது தெரியணும்.

விமல்ராஜ்: யாரு மாமா உங்கள அவமானப்படுத்துனா?

சவுரியப்பன்: போன வருசம் வாட்ஸப்புல போட்டோ போட்டது யாரு? மாதா ஒரு அடி, சூசையப்பர் ஒரு அடி, நடுவுல பாலன் ரெண்டடி. அடியில என்ன எழுதியிருந்துச்சு?

விமல்ராஜ்: அது எளவட்டப் பசங்க...

சவுரியப்பன்: என்ன எழுதியிருந்துச்சு, சொல்லு!

விமல்ராஜ்: ...'பெத்தவங்களத் தேடி வந்த பெரியவர்'னு.

பிலோமினா: நான் கூட சிரிச்சுட்டேன்.

சவுரியப்பன்: நீ உள்ள போ. அப்புறம் புதுச் சாமியாரு. மொத ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல என்ன சொன்னாரு? 'கடவுள் தம்மைச் சின்னவராக்கிக்கிட்டார்'. ஒரு தடவ இல்ல, மூணு தடவ.

விமல்ராஜ்: அது உலகம் பூரா சொல்ற பிரசங்கம் மாமா!

சவுரியப்பன்: உலகம் பூரா சொல்லட்டும். மூணாவது பெஞ்சுல உக்காந்துருக்கற என்னப் பாத்து எதுக்குச் சொல்லணும்? எங்க பாலன் மொதல்ல பெரிசா இருந்தாரா? எங்கப்பா எலத்தகிரியிலருந்து கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி, மடியில வச்சுக் கொண்டாந்தாரு. ஒரு சாண் இருந்தா அதிகம். அந்தா அந்தத் தகரப்பொட்டியில காலு கையி நீட்டித் தூங்குவாரு. கொரோனாவுக்கு முந்தின வருசம் பவனி அன்னிக்குப் பாக்கறேன்... பொட்டி மூடல. இடுப்புக்குக் கீழ வெளிய தொங்குது. ஒரு சாண் ரெண்டடி ஆயிருக்குது! வேற எந்த வீட்டுலயாவது பாலன் வளந்துருக்காரா? சொல்லு. ஓசூர்ல, தளியில, கிருஷ்ணகிரியில?

விமல்ராஜ்: ...வேற எங்கயும் வளரல மாமா.

பிலோமினா: விமலு, காப்பி ஆறுது. குடி.

சவுரியப்பன்: வளந்த பாலனச் சின்னவர்னு சொல்றவங்களுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? அதான் நிபந்தனை வச்சேன். உங்களால ஆவாதுன்னு எனக்குத் தெரியும். போய் ஆவாதுன்னு நோட்டுல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கோயில் பலகையில ஒட்டுங்க. நான் மரியாதையா ஒதுங்கிக்கறேன்.

விமல்ராஜ்: எல்லாம் ஆச்சு மாமா.

சவுரியப்பன்: என்ன ஆச்சு?

விமல்ராஜ்: நிபந்தனை. எல்லாம் முடிஞ்சாச்சு. மொத நிபந்தனை, பாலனச் சின்னதாக்கச் சொல்லாத, பெத்தவங்களப் பெரிசாக்கு. ஆக்கியாச்சு. சூசையப்பர் ஆறடி.

சவுரியப்பன்: ஆறடியா? நான் மூணடிதான சொன்னேன்!

விமல்ராஜ்: எதுக்கும் இருக்கட்டும்னு ஆறடியாப் போட்டுட்டோம்.

சவுரியப்பன்: எதுக்கு இருக்கட்டும்?

விமல்ராஜ்: ...எதுக்கும்.

சவுரியப்பன்: ஒரு மாசத்துல ஆறடி சூசையப்பர எவன் செஞ்சு குடுத்தான்?

விமல்ராஜ்: பேரிகை ஊரு ஆஞ்சப்பன். ஃபைபர்ல.

சவுரியப்பன்: அவன் முனீஸ்வரன் செய்யறவன்டா!

விமல்ராஜ்: அதான்... கொஞ்சம் மீசை வந்துருச்சு.

சவுரியப்பன்: சூசையப்பருக்கா?

விமல்ராஜ்: அந்தாளுகிட்ட ஆம்பள அச்சு அது ஒண்ணுதான் இருக்குது. மீசை, முட்டக்கண்ணு, உக்காந்த கோலம். எந்திரிச்சு நின்னா எட்டடி வருவாரு. கையில அருவா இருந்துச்சு. 'தச்சர்தான, இருந்துட்டுப் போட்டுமே'ன்னாரு ஆஞ்சப்பன். சாமியாரு ஒத்துக்கல. அறுத்துட்டு லில்லிப்பூவ சொருகிட்டோம்.

பிலோமினா: புள்ளைங்க பயப்படலயா?

விமல்ராஜ்: ரெண்டு அழுதுச்சு. வெளியூர் லாரிக்காரர் ஒருத்தரு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு எலுமிச்சம்பழத்தோட வந்துட்டாரு. கேக் குடுத்து அனுப்பி வச்சோம்.

சவுரியப்பன்: ...மீசை இருக்கட்டும். குடும்பத்தக் காக்கறவனுக்கு மீசை இருந்தா தப்பில்ல. மாடு? ரெண்டாவது நிபந்தனை மாடு. சூசையப்பர் அந்த ஒசரம் இருக்கறப்ப பொம்ம மாடு பூன மாதிரி தெரியும். நெச மாடு வேணும்னு சொன்னேன்.

விமல்ராஜ்: காலையிலயே வந்துருச்சு. பால்காரக் கெம்பம்மா மாடு. என்னா, அதுக்குத் தமிழ் வராது.

சவுரியப்பன்: மாட்டுக்கு எதுக்குடா தமிழ்?

விமல்ராஜ்: தொட்டியில போட்ட வைக்கோல பூரா திங்குது மாமா. சாமியாரு 'போ போ'ன்னாரு. இங்கிலீசுல சொன்னாரு. தீர்த்தம் தெளிச்சாரு, அத நக்கிக்கிட்டு இன்னும் கிட்டத்துல வந்துச்சு. கெம்பம்மா வந்து 'ஹிந்தக்கே ஹோகு'ன்னு கன்னடத்துல ஒரு வார்த்த, பத்தடி பின்னாடி போயிருச்சு. அப்புறம் என்ன பண்றது, கெம்பம்மாவுக்குக் கம்பளி போத்தி, இடையர்ல ஒருத்தரா அங்கயே உக்கார வச்சுட்டோம்.

பிலோமினா: அது எப்படிடா ஒத்துக்கிச்சு? நம்ம கோயில் பக்கமே வந்ததில்லயே.

விமல்ராஜ்: நானும் கேட்டேன்க்கா. 'கொழந்த பொறந்த வீட்டுல பாலு வேணாமா'ன்னு என்னயே திருப்பிக் கேக்குது.

சவுரியப்பன்: அது மனுசி. சரி... மூணாவது நிபந்தனை, சாமியாரு மன்னிப்பு? அதுல மாட்டிக்கிட்டீங்க இல்ல? எந்தச் சாமியாரு பிரசங்கத்துக்கு மன்னிப்புக் கேப்பாரு?

விமல்ராஜ்: எழுத்துலயே குடுத்துருக்காரு. படிக்கறேன். 'மதிப்பிற்குரிய சவுரியப்பன் அவர்களுக்கு. கடவுள் தம்மைச் சிறியவராக்கிக்கொண்டார் என்று நான் கூறியது பொதுவான கருத்து. நமது பங்கில் அவர் தமக்கு விருப்பமான அளவில் வரலாம்.' கையெழுத்து. பங்கு சீலு.

சவுரியப்பன்: சீலுமா?

விமல்ராஜ்: சீலும்.

சவுரியப்பன்: அந்தாளுக்கு ரோசமே கிடையாதா? ஏன்டா, இது என்ன பேரவை? நாலு நிபந்தனையில ஒண்ணுக்காவது ஒருத்தன் எந்திரிச்சு ஆவாதுன்னு சொல்ல வேணாமா?

விமல்ராஜ்: நீங்க ஆவணும்னுதான வச்சீங்க?

சவுரியப்பன்: அது... ஆமா. ஆவணும்னுதான். ஆனா மானம் உள்ளவங்க எதிர்த்துப் பேசுவாங்க.

பிலோமினா: டம்ளரக் கீழ வைங்க. வேட்டியில கொட்டுது.

சவுரியப்பன்: சூடு.

பிலோமினா: ஆறி அர மணி ஆச்சு.

சவுரியப்பன்: சூடுங்கறேன்! பேண்டு செட்டு எங்கடா? நாகரசம்பட்டி செட்டு கேட்டிருந்தேன். கிறிஸ்மஸ் சமயத்துல அவங்க கெடைக்க மாட்டாங்க.

விமல்ராஜ்: பதினாலு பேரு, வேன்ல வந்து எறங்கி பிரியாணி சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. கீர்த்தனை ஒண்ணும் தெரியாது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கறதத்தான் வாசிப்பாங்க. பரவால்ல, அதுவும் ஒரு வரவேற்புதானன்னு விட்டுட்டோம்.

சவுரியப்பன்: அப்ப... அப்ப புதுசா ஒரு நிபந்தனை. பனி கொட்டணும்.

விமல்ராஜ்: பனியா?

சவுரியப்பன்: பனி. கார்டுல எல்லாம் கொட்டுதில்ல? எங்க பாலன் வர்றப்ப வெள்ளையா கொட்டணும். ஓசூர்ல குளுரு அடிக்கும், காலையில மூட்டம் போடும். பனி கொட்டாது. ஆவாதுன்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு.

விமல்ராஜ்: கொட்டும் மாமா. சிப்காட்டுல பெட்டிக்குள்ள வச்சு வர்ற தெர்மாகோல உதுத்து ஆறு மூட்ட கட்டி வச்சுருக்கோம். மேல ரெண்டு ஃபேன். சுவிச்சு போட்டா சூசையப்பர் மீசை பூரா வெள்ளையாயிரும்.

சவுரியப்பன்: டேய், இத நான் இப்பத்தானடா யோசிச்சேன்!

விமல்ராஜ்: எதுக்கும் இருக்கட்டும்னு...

சவுரியப்பன்: மாடு தின்னுட்டா?

விமல்ராஜ்: கெம்பம்மா ரெண்டு தடவ கன்னடத்துல எச்சரிச்சு வச்சுருச்சு.

சவுரியப்பன்: ...வெளிய என்ன ஆட்டோ? நீ வந்ததுலருந்து நிக்குது.

விமல்ராஜ்: வெயிட்டிங் மாமா.

சவுரியப்பன்: பின் சீட்டுல யாரோ போர்வ போத்திக்கிட்டு உக்காந்துருக்காங்க. உள்ள கூப்புடு. இந்த வீட்டுக்கு வந்த ஆள ஆட்டோவுல உக்கார வச்சோம்னு பேரு வேணாம்.

விமல்ராஜ்: ஆள் இல்ல. அது... சாமான்.

சவுரியப்பன்: சாமானுக்கு எதுக்குப் போர்வ?

பிலோமினா: டிசம்பர் குளுரு இல்லீங்களா?

சவுரியப்பன்: சாமானுக்கா?

விமல்ராஜ்: மாமா, நேரம் ஆவுது. பாலனக் குடுங்க.

சவுரியப்பன்: பாலனுக்கு... ஒடம்பு சரியில்ல.

விமல்ராஜ்: என்ன பண்ணுது?

சவுரியப்பன்: வளர்ற ஒடம்பு. அலைச்சல் ஆவாது.

விமல்ராஜ்: டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?

சவுரியப்பன்: கிண்டல் பண்றியா? பெரியவன்கிட்ட கிண்டல் பண்றியா? அலமாரி பூட்டியிருக்குது. சாவி தொலஞ்சு போச்சு.

பிலோமினா: சாவி உங்க கழுத்துல செவமாலையோட தொங்குது.

சவுரியப்பன்: இது வேற சாவி.

பிலோமினா: சரிங்க. நீங்க பேசிக்கிட்டு இருங்க. விமலு பசியோட இருக்கான், நான் ரெண்டு உருண்ட களி கிண்டறேன்.

சவுரியப்பன்: வேணாம் பிலோமினா! டின்ன தொறக்காத!

பிலோமினா: தொறந்து நாலு வாரம் ஆச்சுங்க.

சவுரியப்பன்: ...தொறந்தியா?

பிலோமினா: மொத ஞாயித்துக்கிழமையே. பூசை முடிஞ்சு வந்து, களிக்கு அளக்கலாம்னு கைய விட்டேன். ராகி வரல. ஒரு காலு வந்துச்சு. அஞ்சு வெரலோட.

விமல்ராஜ்: அக்கா, மெதுவா...

பிலோமினா: அப்புறம் காது. அப்புறம் தலை. ராகிக்குள்ள கெடந்தும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. மூடி வச்சுட்டு, ஒரு மாசமா பக்கத்து வீட்டுல மாவு கடன் வாங்கி ஒளிச்சு வச்சுத் திங்கறேன். நோன்பாம் நோன்பு.

விமல்ராஜ்: மாமா. உக்காருங்க.

சவுரியப்பன்: கை நடுங்குதுடா. ஆறு மாசமா. மீசைய கூட நேரா வெட்ட முடியல. தூசி தொடைக்கலாம்னு எடுத்தேன். எங்கப்பா எலத்தகிரியிலருந்து இந்த மூக்கண்டப்பள்ளி வரைக்கும் பாலன மடியில வச்சுக் கொண்டாந்தவரு. நான் அலமாரியிலருந்து மேசைக்குக் கொண்டாறதுக்குள்ள போட்டுட்டேன். மூணு எட்டு வப்பனா? அதுக்குள்ள.

பிலோமினா: அத என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?

சவுரியப்பன்: சொல்லிட்டு? சவுரியப்பன் கையி பாலனத் தாங்கலன்னு ஊரு சொல்லும். அதுக்கு, சவுரியப்பன் கோவக்காரன், பேரவையோட மல்லுக்கு நின்னு குடுக்கலன்னு சொன்னா எவ்வளவோ மேல். அதான் நிபந்தனை மேல நிபந்தனையா வச்சேன். எங்கயாவது ஒரு எடத்துல மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தா... மாட்டக் கொண்டாந்து நிறுத்தறீங்க! பனியக் கொண்டாறீங்க! ஒரு மனுசன் எவ்வளவுதான்டா யோசிக்கறது?

விமல்ராஜ்: நாங்களும் எவ்வளவுதான் மாமா செய்யறது? ஆஞ்சப்பன் மீசைய எடுக்கறதுக்கு ரெண்டு நாளு ராவுனாரு, போகல.

சவுரியப்பன்: இப்ப சொல்லு. சீட்டு குலுக்குங்க. செபஸ்தியானுக்கே குடுங்க. எங்கப்பா பேரு என்னோட போவுது.

விமல்ராஜ்: போவாது மாமா. ஒண்ணு சொல்லணும். நீங்க ஒடச்சது உங்கப்பா கொண்டாந்த பாலன் இல்ல.

சவுரியப்பன்: ...சொல்லு.

விமல்ராஜ்: அந்த வருசம் பெயிண்டு போச்சு, டச்சப் பண்ணிக் கொண்டான்னு என்கிட்ட குடுத்தீங்களே. கையால அடிச்சா வருசா வருசம் உரியுது, எங்க ஷாப்புல வண்டி பார்ட்டுக்கு அடிக்கற மாதிரி பவுடர் கோட்டிங் குடுத்து ஓவன்ல வச்சா பத்து வருசம் தாங்கும்னு நெனச்சேன். நூத்தி எம்பது டிகிரி. அது மண்ணு மாமா, இரும்பு இல்ல. தொறந்து பாக்கறேன்... நாலா பொளந்து கெடக்கறாரு.

பிலோமினா: என்கிட்ட வந்து ஓன்னு அழுதான்ங்க.

விமல்ராஜ்: மறுநாள் பவனி. பெங்களூருக்கு ஓடுனேன். கடையில ரெண்டடிதான் இருந்துச்சு. நீங்க குளிக்கப் போன நேரமாப் பாத்துப் பொட்டியில வச்சேன், காலு உள்ள போகல. சரி, உங்ககிட்ட உண்மையச் சொல்லி, திட்டோ அடியோ வாங்கிக்கலாம்னு திண்டாடிக்கிட்டு நிக்கறேன். அதுக்குள்ள நீங்க பொட்டிக்கு முன்னாடி முழங்கால்ல விழுந்து, 'பாலன் வளந்துட்டாரு, பாலன் வளந்துட்டாரு'ன்னு கத்துனீங்க. தெருவே கூடிருச்சு. நாலு பேரு முட்டி போட்டாங்க. அப்புறம் எப்படி மாமா சொல்றது?

பிலோமினா: என்னங்க, திட்டறதுன்னா திட்டிருங்க.

சவுரியப்பன்: அந்த நாலு துண்டு எங்க?

விமல்ராஜ்: என் டூல் பொட்டியில. பஞ்சுல சுத்தி வச்சுருக்கேன். தூக்கிப் போட மனசு வரல.

சவுரியப்பன்: நாளைக்குக் கொண்டா. தகரப்பொட்டியில வைக்கணும். அந்தப் பொட்டி அவரு அளவுக்குச் செஞ்சது. ...சாமியாருக்கு இதெல்லாம் தெரியுமா?

விமல்ராஜ்: பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். வெளிய ஒரு வார்த்த பேச முடியாது அவரு. அதான் கடுதாசியில 'விருப்பமான அளவில்'னு எழுதிட்டு ரொம்ப நேரம் என்னயே பாத்தாரு.

சவுரியப்பன்: அப்ப அந்த ஆட்டோ...

விமல்ராஜ்: காலு கெடைச்ச அன்னிக்கே அக்கா போன் பண்ணிருச்சு. பெங்களூரு பூரா அலஞ்சேன் மாமா. சின்னது எல்லாம் வித்துப் போச்சு, இல்லன்னா மூஞ்சி சரியில்ல. இந்தத் தடவ கெடைச்சது... நாலடி.

சவுரியப்பன்: நாலடியா!

விமல்ராஜ்: அதுக்குத்தான் ஆறடி சூசையப்பரு. இன்னும் வளந்துட்டாருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அந்த கனத்த ஒரு ஆளு தூக்க முடியாதுன்னு ஊருக்கே தெரியும். நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நீங்க நடுவுல. பட்டுத்துணிக்கு அடியில யாரு கை நடுங்குதுன்னு யாரு பாக்கப் போறாங்க?

சவுரியப்பன்: ...எறக்கு. பாத்து. நெலையில இடிச்சுறாத. குனிஞ்சு கொண்டா. பிலோமினா, போர்வைய எடு.

பிலோமினா: அய்யோ, என்னா சிரிப்பு பாருங்க.

சவுரியப்பன்: ம். நெத்தி நம்ம குடும்பச் சாயல்தான். எங்க, அப்படியே சாய்ச்சுப் புடி.

விமல்ராஜ்: எதுக்கு மாமா? கோவம் இல்லயே? அன்னிக்குக் கத்துன மாதிரி கத்திறப் போறீங்க...

சவுரியப்பன்: பாதத்துக்கு அடியில பாரு. கடை ஸ்டிக்கர் அப்படியே இருக்குது. போன தடவையும் இதே மாதிரி விட்டுட்டு முழிச்சுக்கிட்டு நின்ன. அன்னிக்கு நான் எதுக்கு முழங்கால்ல விழுந்தேன்னு நெனச்ச? கத்துன கத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் அத நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தேன். அப்ப கை நடுங்கல. இந்தத் தடவ நீயே சுரண்டு.